சூரியனில் இரும்பும் ஜாதகத்தில் சனியும்

நாம் கூட்டங்களில் கிரக பலனைப் பற்றியும், ராகு காலத்தைப் பற்றியும், சனிப் பெயர்ச்சியைப் பற்றியும் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, "ஐயா, சூரியனில் இன்ன வாயு இருக்கிறது, இத்தனை டிகிரி சூடு இருக்கிறது என்கிறீர்களே, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? ரிஷிகள் சொன்னதை நாங்கள் நம்புகிறோம், வெள்ளைக்காரன் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்கள், இதில் என்ன வித்தியாசம்?" என்று கேட்பது வழக்கமாய் இருந்து வருகிறது. கேள்வி நியாயமான கேள்விதான். ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவரைவிட இப்படிக் கேட்கிறவர் எவ்வளவோ மேலானவர். ஆனால் கேட்ட பிறகு பதிலையும் இருந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் நமது வேண்டுகோள்.

பதிலுக்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கோயமுத்தூரில் கணபதிப் பக்கமோ பீளமேட்டுப் பக்கமோ உள்ள ஏதாவது ஒரு வார்ப்படப் பட்டறைக்குள் போனால் போதும். அங்கே உலையில் இரும்பு உருகிக் கொண்டிருக்கிறது. அதில் ஒரு கரண்டி மொண்டு செம்பு அச்சில் ஊற்றி ஒரு வில்லை எடுக்கிறார்கள். வில்லையின் முகத்தைத் தேய்த்து, பட்டறைக்காரர்கள் 'ஸ்பெக்ட்ரோ' என்று சொல்லும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். ஆர்கான் வாயுவுக்கு நடுவில் ஒரு மின்சாரப் பொறி அந்த வில்லையின்மேல் அடிக்கிறது. அந்தப் பொறியின் வெளிச்சத்தை இயந்திரம் நிறம் நிறமாகப் பிரித்து, கரி இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று ஒரு நிமிஷத்தில் கணக்குச் சொல்லிவிடுகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் பம்புசெட்டு வார்க்கப்படுகிறது; அந்தப் பம்புசெட்டை நம்பித்தான் நமது குடியானவர்கள் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் பணத்தைப் போடுகிறார்கள். பட்டறை முதலாளி அந்த இயந்திரத்தைப் பார்த்து, "நீ இரும்புக்குள் போய்ப் பார்த்தாயா?" என்று கேட்பதில்லை. வெளிச்சம் சொன்னால் அவருக்குப் போதுமானதாயிருக்கிறது. நகைக் கடையில் காரட் பார்க்கும் இயந்திரமும் கிட்டத்தட்ட இந்த வேலையையே எக்ஸ்ரே கதிரைக் கொண்டு செய்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணியின் நிறம் மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கிற கருவியும் வெளிச்சத்தைப் பிரித்துத்தான் பார்க்கிறது.

சங்கதி என்னவென்றால், ஒவ்வொரு தனிமமும் ஆவியாகிக் கொதிக்கும்போது தனக்கென்று சில நிறக் கோடுகளை மாத்திரமே வெளிவிடும். சோடியத்தின் கோடு இரும்புக்கு வராது. இரும்பின் கோடு கால்சியத்துக்கு வராது. அதே தனிமம் குளிர்ந்த வாயுவாக நடுவில் நின்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அதே கோடுகளை விழுங்கிவிடும். அந்த இடங்கள் கறுப்பாய்த் தெரியும். இதைக் கைரேகை என்று சொல்லலாம். ஜோசியர் பார்க்கும் கைரேகையல்ல, போலீசார் எடுக்கும் கைரேகை.

சூரிய வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கோடுகளை 1814-ம் வருஷத்தில் வரிசையாகக் குறித்து வைத்தவர் பிரான்ஹோபர் என்ற ஜெர்மானியர். அவர் தாய் தகப்பனை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாய் வேலைக்குச் சேர்ந்து, தானே படித்து முன்னுக்கு வந்தவர். கோடுகள் ஏன் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. 1835-ல் கோம்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருக்காலும் அறிய முடியாது என்று எழுதினார். இந்தக் கோம்ட் மதத்துக்கு விரோதமாய், அறிவை முன்னிறுத்திப் பேசியவர். நமது கட்சிக்காரர் என்றே சொல்லலாம். அவர் செத்துச் சுமார் இரண்டு வருஷத்தில், 1859-ல், கிர்ச்சாப், புன்சன் என்ற இருவரும் பரிசோதனைச் சாலை நெருப்பில் உப்புகளைப் போட்டு எரித்துப் பார்த்து, சூரியனின் கறுப்புக் கோடுகளுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள். கோம்ட் சொன்னது பொய்யாய்ப் போயிற்று. அதற்காக அவர் புத்தகத்துக்கு ஒருவரும் வியாக்கியானம் எழுதி, "அவர் சொன்னதன் உள் அர்த்தம் வேறு" என்று சப்பைக்கட்டுக் கட்டவில்லை. தப்பு என்று சொல்லிவிட்டு மேலே போனார்கள்.

இனி நமது நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 1868-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி பூரண சூரிய கிரகணம் பிடித்தது. அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த போக்சன் என்பவரும் ஒளியைப் பிரிக்கும் கருவிகளோடு காத்திருந்தார்கள். அதே நேரத்தில் நம்மவர்கள் என்ன செய்து கொண்டிருந்திருப்பார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை; இன்றைக்கும் கிரகணத்தன்று செய்வதைத்தான் அன்றைக்கும் செய்திருப்பார்கள். தர்ப்பையைப் போட்டு, சோற்றைக் கொட்டி, கர்ப்பிணியை இருட்டறையில் அடைத்து, ராகு விட்ட பிறகு தலை முழுகியிருப்பார்கள். கருவியோடு நின்றவர்கள் கண்டதோ, சூரிய விளிம்பில் கொழுந்து விடும் சுவாலைகள் வாயுவால் ஆனவை என்பது. அதோடு ஒரு மஞ்சள் கோடும் தென்பட்டது. அது சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் சோடியத்தின் கோடு அல்ல. அதே வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் கிரகணம் இல்லாமலே அதைக் கண்டு அளந்தார். பூமியில் அதுவரை யாருமே பார்த்திராத ஒரு தனிமம் என்று அது முடிவாயிற்று. சூரியனுக்குக் கிரேக்கப் பெயரான ஹீலியோஸ் என்பதிலிருந்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 27 வருஷம் கழித்து, 1895-ல்தான் ராம்சே என்பவர் பூமியிலேயே அதைப் பிடித்துக் காட்டினார்.

இன்றைக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்த இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர வைப்பது இந்த ஹீலியம்தான். ராகு பிடித்த வேளை தீட்டு என்று கதவைச் சாத்துகிற குடும்பத்துக்காரருக்கும், ராகு பிடித்த வேளையில் துப்புக் கிடைத்த வாயுவைக் கொண்டுதான் மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த ஸ்கேனுக்கு ராகு காலம் கழித்து வருகிறேன் என்று சொல்லும் நோயாளிகளும் உண்டு!

நிற்க. நமது கொங்கு நாட்டு ஜனங்கள் தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடக்கிறார்கள். அந்தப் பழனி மலைத் தொடரின் உச்சியிலே, கொடைக்கானலில், 1899 முதல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்து வருகிறது. நடக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது அது தெரியுமா என்பது சந்தேகம். அங்கே எவர்ஷெட் என்பவர் 1909 ஜனவரியில் சூரியனின் கரும்புள்ளிகளின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தபோது, கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தன. அவினாசி ரோட்டில் பஸ் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போகும்போது தடித்தும் கேட்கிறதல்லவா? வெளிச்சமும் அப்படித்தான். வருகிற பொருளின் கோடு நீலப் பக்கம் நகரும். போகிற பொருளின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். ஆகவே கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டே அவர் சொன்னார். உலகம் முழுவதும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். பழனிக்கு மொட்டை போட வருகிற லட்சம் பேரில் நூறு பேர் மலை ஏறி இதைப் பார்த்து வந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கிறோம்.

இந்த விஷயத்தில் நாம் முக்கியமாய்ச் சொல்ல வேண்டிய பேர் ஒன்று உண்டு. அது மேகநாத் சாகா. டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன், 1893-ல் பிறந்தவர். கல்கத்தாவில் படிக்கப் போன இடத்தில் ஹாஸ்டலில் மேல்ஜாதிப் பிள்ளைகள் இவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவ்வளவு 'அறிவு' இருந்தது அவர்களுக்கு. அந்த மனிதர்தான் 1920-ல், சூட்டுக்குத் தக்கபடி அணுக்கள் எலெக்ட்ரானை எப்படி இழக்கின்றன, அதனால் கோடுகள் எப்படி மாறுகின்றன என்பதற்குக் கணக்குச் சொன்னார். அதற்கு முன் நட்சத்திர நிறமாலைகள் எழுத்துத் தெரிந்தும் பாஷை தெரியாத புத்தகம்போல் இருந்தன. சாகா பாஷையைச் சொல்லிக் கொடுத்தார்.

அவரே எழுதியிருக்கிற சம்பவம் ஒன்று உண்டு. டாக்காவில் வயது முதிர்ந்த வக்கீல் ஒருவரிடம் தமது ஆராய்ச்சியைப் பற்றி இவர் உற்சாகமாய் விளக்கினாராம். வக்கீல் கேட்டுவிட்டு, இதில் புதிது என்ன, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்றாராம். எந்த இடத்தில் இருக்கிறது என்று இவர் பணிவாய்க் கேட்க, தாம் வேதத்தைப் படித்ததில்லை, ஆனால் இருக்கத்தான் இருக்கும் என்று பதில் வந்ததாம். அந்த வக்கீல் செத்துப் போய்விட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவர் தினந்தோறும் உயிரோடு வருகிறார்.

சாகாவின் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் சிசிலியா பெய்ன் என்ற பெண்மணி. கேம்பிரிட்ஜில் படித்தார், பெண் என்பதால் அந்தக் காலத்தில் அங்கே பட்டம் கிடையாது. அமெரிக்காவுக்குப் போய், 1925-ல், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று எழுதினார். பெரிய வானசாஸ்திரியான ரஸ்ஸல் இது நடக்காத காரியம் என்று சொல்லவே, அந்த முடிவு உண்மையாயிராது என்று தமது புத்தகத்திலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. நாலு வருஷத்தில் ரஸ்ஸலே வேறு வழியில் கணக்குப் போட்டு, அந்த அம்மையார் சொன்னதே சரி என்று எழுதினார். சரிகைச் சால்வைக்காரர் ஒருவர் தப்பு, இளம் பெண் ஒருத்தி சரி என்று சாட்சி சொல்ல, வெளிச்சத்துக்குத் தாட்சண்யம் இருக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் மகனும், பட்டம் மறுக்கப்பட்ட பெண்ணும் சேர்ந்துதான் சூரியன் எதனால் ஆனது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது தூரதரிசினிகளை ஆகாயத்துக்கே கொண்டு போய் வைக்கிறார்கள். ஏனெனில் நமது காற்று மண்டலம் ஒரு புகை படிந்த ஜன்னல். எக்ஸ்ரே கதிரையும் பெரும்பாலான புறஊதாக் கதிரையும் அது தடுத்துவிடும். அகச்சிவப்புக் கதிரில் பெரும் பகுதியைக் காற்றிலுள்ள நீராவி குடித்துவிடும். தூரத்துக் கிரகத்தில் நீராவி இருக்கிறதா என்று பார்க்கும்போது நமது மேகத்து நீராவியே குறுக்கே நின்றால் எப்படி? 2023 செப்டம்பர் 2-ந் தேதி இஸ்ரோ விட்ட ஆதித்யா-எல்1 என்ற கலம், 2024 ஜனவரி 6-ந் தேதி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிலைகொண்டு சூரியனைப் பார்த்துவருகிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்ற அம்மையார். அதிலுள்ள முக்கியமான கருவியைச் செய்தது, கொடைக்கானல் நிலையத்தை நடத்துகிற அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்தக் கருவி தேடுகிற கோடுகளில் ஒன்று பச்சைக் கோடு. 1869 கிரகணத்தில் அதை முதலில் கண்டபோது 'கொரோனியம்' என்ற புதுத் தனிமம் என்றார்கள். எழுபது வருஷம் கழித்து அது தப்பு என்று தெரிந்தது. அது வெறும் இரும்பு! சூரியனைச் சுற்றியுள்ள மண்டலத்தின் பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் தனது 26 எலெக்ட்ரான்களில் சரிபாதியான 13-ஐ இழந்து நிற்கிற இரும்பு. கணபதிப் பட்டறையில் உருகும் அதே இரும்பு. கொரோனியத்துக்குக் கோயில் கட்டியிருந்தால் இன்றைக்கு அதை இடிக்கவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

பூமிக்கு மறு பக்கத்தில் அதே 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், 2021 டிசம்பர் 25-ந் தேதி அனுப்பிய ஜேம்ஸ் வெப் தூரதரிசினி இருக்கிறது. ஆறரை மீட்டர் கண்ணாடி. 2022-ல் அது வாஸ்ப்-39பி என்ற கிரகத்தைப் பார்த்தது. சுமார் 700 ஒளியாண்டு தூரம். அந்தக் கிரகம் தன் சூரியனுக்கு முன்னால் கடந்து போகும்போது, சூரிய வெளிச்சத்தில் ஒரு துளி அதன் காற்று மண்டலத்தின் வழியாய் வடிகட்டி வருகிறது. அதில் கரியமில வாயு விழுங்கிய இடம் பள்ளமாய்த் தெரிந்தது. இந்தக் கிரகத்தின் எடை ஏறக்குறைய நமது சனியின் எடை. ஆனால் தன் சூரியனை நாலே நாளில் சுற்றிவிடுகிறது. நமது சனிக்கு இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. ஆகவே அந்தச் சனியைப் பிடித்துக்கொண்டால் ஏழரைச் சனி ஒரே நாளில் தீர்ந்துபோகும். பரிகாரச் செலவு மிச்சம். ஜோசியர்கள் இதை ஏன் கவனிக்கவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

வேடிக்கை நிற்கட்டும். திருநள்ளாற்றுக் கோயிலுக்கு மேல் பறக்கிற செயற்கைக் கோள்கள் சனியின் கருநீலக் கதிர்களால் மூன்று வினாடி ஸ்தம்பித்து நிற்கின்றன என்றும், நாசாவே அதிசயப்பட்டது என்றும் ஒரு கதை வருஷக்கணக்காய் உலாவி வருகிறது. எந்தக் கோள்? எந்தத் தேதி? எந்த அறிக்கை? ஒன்றுக்கும் பதில் கிடையாது. சனி மிளிர்வது சூரிய வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்புவதால். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அது ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த உருண்டை, அதன் வளையங்கள் பெரும்பாலும் உறைந்த தண்ணீர் என்று சொல்லியாகிவிட்டது. கருப்பு வஸ்திரமும் எள்ளும் எந்தக் கோட்டிலும் தென்படவில்லை.

விஞ்ஞானிகள் மாத்திரம் பொய் சொல்ல மாட்டார்களா, அவசரப்பட மாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். அவசரப்படுவார்கள். 124 ஒளியாண்டு தூரத்திலுள்ள கே2-18பி என்ற கிரகத்தில், பூமியில் கடல் உயிர்கள் வெளியிடுகிற ஒரு வாயுவின் அடையாளம் தெரிகிறது என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் இருக்கும் மதுசூதன் என்ற நமது நாட்டுக்காரரின் குழு அறிவித்தது. பத்திரிகைகள் வேற்றுக் கிரகத்தில் உயிர் என்று கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் அறிவித்தவர்களே, இது தற்செயலாய் வர ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு, கண்டுபிடிப்பு என்று சொல்ல இது போதாது என்றும் சொன்னார்கள். பிறகு மற்றக் குழுக்கள் அதே புள்ளிகளை எடுத்து மறுபடி கணக்கிட்டு, இதில் அப்படி ஒன்றும் நிச்சயமில்லை என்று எழுதின. யாரும் யாரையும் ஜாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. ஆயிரத்தில் மூன்று பங்கு சந்தேகத்துக்கே அங்கே இத்தனை சண்டை. நமது ஜோசியர் ஆயிரத்துக்கு ஐந்நூறு தப்பினாலும், "நேரம் சரியாகக் குறிக்கவில்லை" என்ற ஒரே சமாதானத்தில் தப்பித்துக்கொண்டு மறுநாள் தட்சணை வாங்குகிறார்.

இனி நமது வீட்டு விஷயத்துக்கு வருவோம். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து, கோயமுத்தூரில் இஞ்சினீயரிங் படித்த மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-ல் புறப்பட்டது. அதில் வைத்திருந்த ஒளிப்பிரிப்புக் கருவி ஒன்று சந்திரனில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் தண்ணீருக்கும் அதன் கூறுக்கும் உரிய பள்ளத்தைக் கண்டது. 2009 செப்டம்பரில் உலகம் அறிந்தது. செவ்வாய் ஏன் சிவப்பு என்பதும் இவ்விதமே தெரிந்ததுதான்: அங்கே மண்ணில் இருப்பது இரும்புத் துரு. பட்டறை வாசலில் மழையில் நனைந்து கிடக்கும் பழைய இரும்புக் குவியலில் இருக்கிறதே, அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

அந்தத் துருவுக்காகத்தான் நமது பக்கத்தில் பெண்கள் முப்பது, முப்பத்தைந்து வயதுவரை வீட்டில் உட்கார வைக்கப்படுகிறார்கள். படித்து, வேலை பார்த்து, தன் சம்பாத்தியத்தில் தகப்பனார் கடனை அடைத்த பெண்ணாயிருந்தாலும், கல்யாணத் தகவல் நிலையத்தில் முதல் கேள்வி ஜாதகத்தில் செவ்வாய் எந்தக் கட்டத்தில் என்பதுதான். மூல நட்சத்திரத்தில் பிறந்துவிட்டால் மாமனார் உயிருக்கு ஆபத்தாம். மூலம் என்பது தேளின் வாலிலுள்ள நட்சத்திரக் கூட்டம். அதில் பிரகாசமாய்த் தெரிவதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் அது ஒன்றே அல்ல, ஒன்றையொன்று சுற்றும் மூன்று. இன்று நமது கண்ணில் படும் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டது நூற்றுக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால். அப்போது அந்த மாமனாரும் இல்லை, அவருடைய பாட்டனும் இல்லை. யாரைக் கொல்ல அது புறப்பட்டது? ஒரு பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராய்ப் புலம்பல். மறுபக்கம் இருக்கிற பெண்ணைத் துருவைக் காட்டித் தள்ளுபடி. பையனைப் பெற்ற முதலாளி தனது பட்டறையில் இரும்பு வாங்கினால் ஸ்பெக்ட்ரோ சீட்டுக் கேட்கிறார். மருமகள் தேடும்போது பஞ்சாங்கச் சீட்டுக் கேட்கிறார். அவருடைய வார்ப்படத்தை ஜோசியர் சொன்ன பொருத்தம் பார்த்து வாங்க எந்தக் கம்பெனியாவது சம்மதிக்குமா?

ராக்கெட் மாதிரியை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகளே திருப்பதிக்குப் போகிறார்களே என்று நம்மை மடக்குகிறவர்கள் உண்டு. போனார்கள், 2023 ஜூலையிலும் போனார்கள். ஆனால் 2019-ல் நிலவில் இறங்கும்போது நொறுங்கிய கலத்துக்குப் பதிலாய் 2023-ல் அனுப்பிய கலத்தில் கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தை அகலமாக்கினார்கள். பூஜை மாறவில்லை, இஞ்சினீயரிங்தான் மாறிற்று.

தோழர்கள் நேரில் பார்க்க ஆசைப்பட்டால் செலவு ஒன்றும் இல்லை. ஒரு செருப்புப் பெட்டி, பிளேடால் கீறிய மெல்லிய பிளவு, மறு பக்கத்தில் சாய்த்து வைத்த பழைய சி.டி. தட்டு ஒன்று போதும். பிளவைப் பழைய டியூப் லைட்டுக்கு நேராய்ப் பிடித்துத் தட்டைப் பார்த்தால், பாதரசத்தின் பச்சைக் கோடு தனியாய் நிற்பது தெரியும். குண்டு பல்பைப் பார்த்தால் கோடு இராது, வானவில்போல் தொடர்ச்சியாயிருக்கும். மஞ்சள் சோடியம் தெருவிளக்கு எங்காவது மிச்சமிருந்தால் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில்தான் 1868-ல் குண்டூர்ப் பக்கம் அந்தக் கோடு தெரிந்தது. சூரியனை மாத்திரம் நேராய்ப் பார்க்கக் கூடாது. தெய்வக் குற்றம் என்பதற்காக அல்ல, கண் போய்விடும்.